இருபத்திரண்டு நாள் மாதம்

அனிதா மேரிக்கு மாதத்தில் இருபத்திரண்டு நாள்தான். உலகத்துக்கு முப்பதோ முப்பத்தொன்றோ இருந்துவிட்டுப் போகட்டும். ஞாயிறு நாலு போச்சா? மலையில் மழை பிடித்துக்கொண்டு, ஏலக்காய் எடுக்க வேண்டாம், திரும்பிப் போங்கள் என்று கங்காணி கையை ஆட்டுகிற நாள் இரண்டு. கேரளாவில் யாராவது யாரையாவது கண்டித்து பந்த் நடத்த, எல்லையில் ஜீப்பை மறித்துத் திருப்பிவிடுகிற நாள் இரண்டு. மிச்சம் இருபத்திரண்டு. முதல் மாதம் விவரம் தெரியாமல் இருபத்தாறு நாள் கூலி என்று எழுதிவிட்டு, கடைசி வாரம் எண்ணெய்க்குக் காசில்லாமல் அவளும் புருஷனும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தார்கள். அதற்குப் பிறகு அவள் நாட்களிடம் ஏமாறுவதில்லை.

இருப்பது ராயப்பன்பட்டியில், மாதா கோயிலுக்கு மேற்கே ஒரு ஓட்டு வீட்டில் பாதி. விடிவதற்குள் தூக்குவாளியில் சோறும் தட்டாம்பயற்றுக் குழம்பும் எடுத்துக்கொண்டு ஜீப் ஏறிவிடுவாள். கம்பமெட்டு ஏறி, எல்லை தாண்டி, வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை. அந்த ஜீப்பை ஓட்டுகிறவன் அவள் புருஷன் சின்னப்பராஜ். வண்டி கம்பத்துச் சமது பாயுடையது. புருஷன் ஓட்டுகிற வண்டிதானே, முன்சீட்டு கிடைக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முன்சீட்டு கங்காணிக்கு. அனிதா மேரி மற்ற பதினாலு பெண்களோடு பின்னால், டயர் மேட்டில், முழங்காலை மோவாயில் இடித்துக்கொண்டுதான் உட்கார்ந்து போனாள்.

அவளுக்கு நாள் கூலி நூற்றுப்பத்து. அவனுக்கு நூற்றறுபது. வீட்டில் இரண்டு சம்பாத்தியம், உங்களுக்கென்ன என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். இரண்டும் ஒரே ஜீப்பில் ஏறிப் போகிற சம்பாத்தியம் என்பது சொல்கிறவர்களுக்குத் தெரியாது. ஜீப் நின்றால் இரண்டும் சேர்ந்து நிற்கும்.

உரக்கடையில் கொடுத்த காலண்டரில் மாதம் முடிந்ததும் தாளைக் கிழித்து, வெள்ளையாக இருக்கும் பின்பக்கத்தில் பிலோமினாவின் ஸ்கேலை வைத்துக் கோடு போடுவாள். பிலோமினா அவர்களுடைய ஒரே மகள், ஆறாம் வகுப்பு. வரவு ஐயாயிரத்துத் தொள்ளாயிரம். வாடகை அறுநூறு, பலசரக்கு ஆயிரத்து நானூறு, பால், கரண்ட், விறகு, பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ கறி. புருஷன் கைச்செலவு அறுநூறு. அதில் டீ, பீடி, வாய்விட்டுச் சொல்ல முடியாத சனிக்கிழமைச் செலவு எல்லாம் அடக்கம். அதை வெட்டிப் பார்த்த மாதம் அவன் பலசரக்குப் பணத்தில் கை வைத்துவிட்டான். அதனால் அடுத்த மாதம் அவளே பழையபடி அறுநூறு எழுதிவிட்டாள். மொய்க்கு நானூறு. கடைசியில், காய் இல்லாத மாதத்துக்கு எழுநூறு. மாசி பிறந்துவிட்டால் தோட்டத்தில் எடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. மழை விழுந்து மறுபடி காய்க்கும்வரை ஊரே கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த மாதங்களில்தான் ஊரில் முக்கால்வாசிப் பேர் கடனில் விழுகிறார்கள். ஆனியிலிருந்து மூன்று மாதமாக அவள் சேர்த்தது இரண்டாயிரத்து நூறு.

இவ்வளவு கறார் ஏன் என்றால், அவள் பட்டிருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் சின்னப்பராஜுக்குச் சொந்த ஜீப் ஆசை வந்தது. பைனான்ஸ் சுருளியிடம் வட்டிக்கு வாங்கி ஒரு பழைய வண்டியை எடுத்தான். எட்டாவது மாதம் என்ஜின் போனது. வண்டியை எடைக்குப் போட்டும் அசலில் பாதி தேறவில்லை. சுருளி சத்தம் போடுகிற ஆள் இல்லை. காலையில் வருவான். இவர்கள் வீட்டு நாற்காலியையே இழுத்து வாசலில் போட்டு உட்காருவான். இவர்கள் வீட்டுத் தண்ணீரையே வாங்கிக் குடிப்பான். பணம் வரும்வரை போகிற வருகிறவர்களிடமெல்லாம் நலம் விசாரிப்பான். பத்து மணிக்கு அந்தத் தெருவில் பால்காரி முதல் சாமியார் வரை எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கும். அனிதா மேரியின் மூன்று பவுன் அப்படித்தான் போனது. இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின வாரம் கடைசி ரூபாயைக் கொடுத்து முடித்தாள். மறுநாளே அந்த நாற்காலியைத் தூக்கிப் பழைய இரும்பு, பிளாஸ்டிக் வாங்குகிறவனிடம் போட்டுவிட்டாள். நல்ல நாற்காலிதான். போகட்டும்.

ஆவணி இரண்டாவது ஞாயிறு, பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நிற்கும்போது சின்னப்பராஜின் செல்போன் அடித்தது. ஆண்டிபட்டியிலிருந்து தங்கச்சி ரோஸ்லின். கேட்டுக்கொண்டிருந்தவன் முகம் அப்படியே மலர்ந்துபோனது.

"அப்பிடியா தாயி! எப்ப? நேத்தா? ஏ, எம் மருமக சமஞ்சிட்டாளாப்பா!" என்று பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துக் கத்தினான். "சடங்கு எப்ப வைக்கிறீக? பதினாறாம் நாளா? நீ ஒண்ணுத்துக்கும் கவலப்படாத. தாய்மாமன் நான் இருக்கேன். ஒரு பவுனு போடுறேன் எம் மருமகளுக்கு!"

பாதி ஊர் கேட்டது. இரண்டு பேர் வந்து கையைக் குலுக்கினார்கள். அனிதா மேரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள். "ஒரு பவுனா?"

"பெறகு? தாய்மாமன் வெத்தல பாக்க வச்சிட்டு வரச் சொல்றியா?"

"வெத்தல வெல தெரியுமா ஒங்களுக்கு? பவுனு ஒம்பதாயிரம் விக்கிது. சேல, தட்டு, பழம், வண்டி, மேளம். பதினஞ்சாயிரம் ஆகும். கையில இருக்கது ரெண்டாயிரத்து நூறு. அதுவும் மாசி மாசம் கஞ்சிக்கு வச்சிருக்கது. தாளக் கொஞ்சம் பாருங்க."

"எப்பப் பாத்தாலும் தாளு, தாளு. எந் தங்கச்சி மக சமஞ்சிருக்கா. அது ஒந் தாளுல இல்லயாக்கும்?"

"அவ எப்பச் சமைவான்னு நான் என்னத்தக் கண்டேன்? கோயில் போர்டுலயா எழுதிப் போட்டிருந்தாக?"

சின்னப்பராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தோற்றுவிடுவோம் என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

அவள் தாளை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வருஷத்து மொய்யையும் வீட்டு மொய் நோட்டைப் பார்த்துத்தான் பிரித்திருந்தாள். யார் நமக்கு எவ்வளவு செய்தார்கள், யார் வீட்டில் கல்யாணத்துக்குப் பிள்ளை இருக்கிறது, யார் வீடு கட்டுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எழுதியது. ஆண்டிபட்டியில் பதின்மூன்று வயதுப் பெண் இருப்பது மட்டும் எப்படி விட்டுப்போனது? பிறந்த வீட்டிலிருந்து சீர் வாங்கியே பழகிய புத்தி. தன் புருஷனும் ஒரு தாய்மாமன் என்பது அவளுக்கு உறைக்கவேயில்லை. தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அந்த வாரம் முழுக்கக் காற்று. மேற்கு மலை இடுக்கு வழியாக இறங்கி ஓட்டைத் தடதடவென்று ஆட்டியது. கதவு தானாகச் சாத்தித் தானாகத் திறந்தது. மலைமேல் சாரல். பிளாஸ்டிக் படுதாவைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஏலச்செடிக்கு அடியில் குனிந்து, தரையோடு கிடக்கும் சரத்திலிருந்து பழுத்த காயை மட்டும் கிள்ளி எடுக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் பிஞ்சில் விரல் படக்கூடாது. பதினைந்து வருஷமாகச் செய்கிற வேலை. கை தானாகச் செய்யும். அந்த வாரம் கை செய்யவில்லை. கூடையைக் கிளறிப் பார்த்த கங்காணி கத்தினார்.

"என்ன மேரி, பாதிக்குப் பாதி பிஞ்சு கெடக்கு? இன்னும் இருவது நாள்ல எடுக்க வேண்டியத இன்னைக்கே பிச்சுட்டா, பெறகு வந்து என்னத்த எடுப்ப?"

பக்கத்து வரிசையில் நின்ற மூக்கம்மாள் காலில் ஏறிய அட்டையின்மேல் மூக்குப்பொடியைத் தூவிக்கொண்டே கேட்டாள். "என்னடி, மூஞ்சி செத்துக் கெடக்கு? சீருக்குப் பணமா? மகளிர் குழுவுல கடன் எடுக்க வேண்டியதுதான?"

"வாராவாரம் கட்டணும்க்கா."

"கட்டு. நான் கட்டல? திங்கக்கெழமக் குழு, பொதங்கெழமக் குழு, வெள்ளிக்கெழமக் குழு. இதுல எடுத்து அதுக்குக் கட்டுறது, அதுல எடுத்து இதுக்குக் கட்டுறது. ஓடுதுல்ல?"

"எப்ப முடியும்?"

"என்னத்த முடியும்?" மூக்கம்மாள் உண்மையாகவே புரியாமல் பார்த்தாள். "அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும்."

அனிதா மேரி அடுத்த செடிக்கு நகர்ந்தாள். சாயங்காலம் இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் திரும்பத் திரும்ப, கீழே திராட்சைத் தோட்டமும் வாழையுமாகப் பள்ளத்தாக்கு தெரிந்தது. அவள் கண் புருஷனின் பிடரியிலேயே இருந்தது. இந்த ஆள் மூன்று நாளாகத் தன்னிடம் பணத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. கவலைப்படாத சின்னப்பராஜைக் கண்டால்தான் அவளுக்குப் பயம்.

பயந்தது சரியாகப் போயிற்று. வியாழக்கிழமை சாயங்காலம் வாசலில் டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. சுருளி. வெள்ளை வேட்டி, நெற்றியில் குங்குமம், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"என்ன தங்கச்சி, சொகமா? மருமக பெரியவளாகிட்டாளாம்ல? கேட்டதும் சந்தோசம்." உட்கார இடம் தேடினான். "இங்கன ஒரு நாக்காலி கெடக்குமே?"

"வித்தாச்சுண்ணே."

"அடடே. நல்ல நாக்காலி." படியில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டான். "மச்சான் செக்போஸ்ட்டுல பாத்து விசயத்தச் சொன்னாரு. பதினஞ்சு போதுமான்னு கேட்டேன். தங்கச்சி, நீ ஒண்ணும் எழுதிக் குடுக்க வேணாம். மின்ன கட்டி முடிச்ச பார்ட்டி நீங்க. ஒங்களுக்கு நாலு வட்டிதேன். வெளிய சொல்லிராத."

"நான் கேக்கலயேண்ணே."

"மச்சான் கேட்டாகல்ல?"

சின்னப்பராஜ் உள்ளே முகம் கழுவுகிற சாக்கில் தண்ணீரை வாரி வாரி அடித்துக்கொண்டிருந்தான். அவள் உள்ளே போய் அவன் எதிரில் நின்றாள்.

"கேட்டீகளா?"

"வேற வழி என்ன இருக்கு, சொல்லு? ஊரு முன்னாடி வாய விட்டுட்டேன். சவரிமுத்து மாப்ள முன்னாடி எந் தங்கச்சி தல குனியணுமா? நான் இருந்தும் இல்லாத மாதிரி..."

"அந்தாளு மறுபடியும் வாசல்ல உக்காந்திருக்கான். ஒங்களுக்கு ஒண்ணுந் தோணலயா?"  அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். "ஞாயித்துக்கெழம வர பொறுங்க. பெறகு நீங்க சொல்றதக் கேக்குறேன்."

"ஞாயித்துக்கெழமைக்குள்ள வானத்துலருந்தா கொட்டப் போகுது?"

"பொறுங்கன்னேன்."

சுருளி எழுந்து துண்டை உதறினான். "ஒண்ணும் அவசரமில்ல. திங்கக்கெழம காலையில வாரேன்," என்று சொல்லிவிட்டு, வாழைப்பழத்தைப் படியிலேயே வைத்துவிட்டுப் போனான். அவள் அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை கேரளாவில் பந்த். அந்த மாதத்தில் இரண்டாவது. தாளில் எழுதியிருந்த பந்த்தும் தீர்ந்துபோனது. சின்னப்பராஜ் ஜீப்புக்கு ஆயில் மாற்றுவதற்காகக் கம்பத்துக்குப் போய்விட்டான். அனிதா மேரி பிலோமினாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தாளை நாலாக மடித்து மணிபர்சில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். உத்தமபாளையம், தேனி, ஆண்டிபட்டி. போக வர நாற்பது ரூபாய், எதில் கழிப்பது என்று யோசித்துக்கொண்டே போனாள். தேனி தாண்டியதும் பச்சை முடிந்து காடு வெளுத்துக் கிடந்தது. ரோஸ்லினிடம் என்ன சொல்வது என்று நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தாள். எதுவும் வாய்க்குள் நிற்கவில்லை.

ரோஸ்லின் வீட்டு முன்னால் தென்னை ஓலைக் குச்சு கட்டி ஜெனிட்டாவை உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். "அத்த!" என்று உள்ளிருந்தே கூப்பிட்டாள். வாய் நிறைய உளுந்தங்களி. ரோஸ்லின் புருஷன் சவரிமுத்து பஞ்சர் கடைக்குப் போயிருந்தான்.

"வாங்க மதினி, என்ன திடீர்னு?" ரோஸ்லின் கையைப் பிடித்து அடுக்களைக்குள் கூட்டிப்போனாள். இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

அனிதா மேரி தண்ணீர்கூடக் குடிக்காமல் தாளை எடுத்து விரித்தாள். "ரோஸ்லினு, நீ கோவிச்சுக்கிரக் கூடாது. ஒங்கண்ணே வாய்க்கு வந்ததச் சொல்லிப்புட்டாக. இந்தா, இதுதேன் எங்க வரவு, இதுதேன் செலவு. இதுல ஒரு பவுனு எங்கன இருக்குன்னு நீயே தேடிப் பாரு. சுருளி வந்து உக்காந்துட்டான். மறுபடி அந்தக் குழியில விழுந்தா இனி ஏற முடியாது. விக்கிறதுக்கும் எங்கிட்ட ஒண்ணுமில்ல. ஒரு சேலையும் ஒரு மோதரமும் போடுறோம். இன்னொரு நாளைக்கி நெறையாச் செய்யிறோம்."

ரோஸ்லின் வெகுநேரம் தாளைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று அனிதா மேரி எதிர்பார்த்தாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"மதினி, எனக்குச் சீரு ஆசையில்ல. மண்டபம் பேசியாச்சு. பிரியாணிக்கு அட்வான்சு குடுத்தாச்சு. அம்புட்டும் கடன். அறுவதாயிரம். பதிமூணு வருசமா நாங்க ஊருக்கெல்லாம் செஞ்ச மொய் வெளிய நிக்குது. அத இப்பத்தேன் வாங்க முடியும். அத நம்பித்தேன் எறங்கியிருக்கோம்."

"அதுக்கு எங்க பவுனு எதுக்கு?"

"மொத மொத மைக்குல தாய்மாமன் சீரத்தான் சொல்லுவாக. தாய்மாமன் ஒரு பவுனுன்னா, மத்தவன் ஆயிரத்து ஒண்ணு எழுதுவான். மோதரம்னு சொன்னாகன்னா, அண்ணே வீட்டுலயே இம்புட்டுத்தேன், நமக்கென்னன்னு இருநூத்தி ஒண்ணோட எந்திரிச்சிருவான். கறிச்சோத்துக்குக் கூடத் தேறாது மதினி."

அனிதா மேரி தாளை மடித்தாள். இதுவும் ஒரு கணக்குத்தான். தன்னுடையதைவிடப் பெரிய கணக்கு, தன்னுடையதைவிட ஆபத்தானது. அடுக்களை முழுக்க உளுந்தும் நல்லெண்ணெயும் மணத்தது.

பிறகு ரோஸ்லின் எழுந்து, அரிசிப் பானைக்குள் முழங்கைவரை கையை விட்டு ஒரு துணி முடிச்சை எடுத்தாள். உள்ளே சங்கிலி. ஒரு பவுன் இருக்கும்.

"இது பேங்க்குல அடகுல கெடந்துச்சு. சீட்டுப் பணத்துல போன மாசந்தேன் மீட்டேன். அவுகளுக்குத் தெரியாது. அவுகளப் பொறுத்தவர இது இன்னும் பேங்க்குல கெடக்கு. கொண்டு போயி நீங்க பாலிசு போட்டு டப்பாவுல வச்சு, தட்டுல எடுத்துட்டு வந்துருங்க."

"அடிப்பாவி! ஒன் நகைய ஒனக்கே சீரா?"

"எம் மக கழுத்துலதான கெடக்கப் போகுது? எங்கயும் போயிறல."

"ஓம் புருசன் கேட்டா?"

"வட்டி கட்டல, முங்கிப்போச்சுன்னு சொல்லிக்கிறேன். நாலு நாளைக்கிக் கத்துவாக. கத்தட்டும். அண்ணங்கிட்ட மட்டும் சொல்லிராதீக. செத்துருவாக."

பஸ்ஸில் திரும்பும்போது சங்கிலி அனிதா மேரியின் ஜாக்கெட்டுக்குள் இருந்தது. தேனி பஸ் ஸ்டாண்டில் நாலு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். திருடிக்கொண்டு போவது போலவே இருந்தது. கடனில்லை என்று ஒரு மனது சொன்னது. இதற்குப் பெயர் பிறகு என்ன என்று இன்னொரு மனது கேட்டது. இரண்டுக்கும் நடுவில் கிடந்து உத்தமபாளையம் வரை அல்லாடினாள்.

சங்கிலிக்குப் பாலிஷ் போட்டு டப்பாவில் வைத்துவிட்டு, புருஷனிடம் பொய் சொன்னாள். "எங்க ஆத்தா குடுத்துச்சு. மெதுவாக் குடுத்தாப் போதும்னு சொல்லிருச்சு." சின்னப்பராஜ் டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மாமியாரை வாயாரப் புகழ்ந்தான். திங்கட்கிழமை காலையில் சுருளி வந்தபோது, "வேணாம் மச்சான், ஏற்பாடாயிருச்சு," என்று தோளில் தட்டி அனுப்பினான். சுருளியின் வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியபோது அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

சேலைக்கும் பழத்துக்கும் தட்டுக்கும் மாசிப் பணம் இரண்டாயிரத்து நூறும் போனது. மொய் நானூறும் போனது. வண்டி வைக்காமல் பஸ்ஸிலேயே தட்டுகளை மடியில் அடுக்கிக்கொண்டு போனார்கள். பிலோமினாவின் மடியில் தேங்காய்த் தட்டு. மேளத்துக்கு ரோஸ்லினே சொல்லி வைத்திருந்தாள். மண்டபத்துக்கு நூறடி முன்னால் தட்டுகளைத் தலைக்கு மேல் தூக்கி, கொட்டும் குலவையுமாக நுழைந்தபோது சின்னப்பராஜ் மருமகள் நினைப்பில் உண்மையாகவே மனசு நிறைந்து நடந்தான். சவரிமுத்து ஓடிவந்து மாலை போட்டான்.

ஜெனிட்டா மேடையில் மாமன் சேலையில் உட்கார்ந்திருந்தாள். சின்னப்பராஜ் டப்பாவைத் திறந்து சங்கிலியை எடுத்தான். அவள் பின்னால் குனிந்து கொக்கியை மாட்டப் போனவன் அப்படியே நின்றான். ஒரு நிமிஷம் இருக்கும். கூட்டத்தில் யாரோ, "மாமனுக்குக் கொக்கி மாட்டத் தெரியலப்பா, ஜீப்புக் கியரா அது?" என்று கத்த, எல்லோரும் சிரித்தார்கள். கீழே நின்ற அனிதா மேரி அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நிமிர்ந்து, கூட்டத்தில் ரோஸ்லினைத் தேடினான். ரோஸ்லின் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவன் கொக்கியை மாட்டினான்.

"தாய்மாமன் ராயப்பன்பட்டி சின்னப்பராஜ் அவர்கள், தங்கச் சங்கிலி ஒரு பவுன்!" மைக் அலறியது. மொய் மேசையில் நோட்டைத் திறந்து வைத்திருந்தவர் அதை முதல் வரியாக எழுதினார். அடுத்து வந்தவர் ஆயிரத்து ஒன்று. அதற்கடுத்தவரும் ஆயிரத்து ஒன்று. ரோஸ்லின் கணக்குத் தப்பவில்லை.

சின்னப்பராஜ் பிரியாணியை அளைந்துவிட்டு எழுந்தான். சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். பிலோமினா அம்மா மடியில் தூங்கிப்போனாள். தேனியில் எழுப்பிப் பஸ் மாறினார்கள், ஏறியதும் மறுபடி தூங்கிவிட்டாள். சின்னமனூர் தாண்டியது. வாழைத்தோப்பெல்லாம் காற்றில் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தது. எந்த நேரம் வெடிக்கப் போகிறானோ என்று அனிதா மேரி காத்துக்கொண்டே வந்தாள்.

"அந்தச் சங்கிலி நான் வாங்குனது," என்றான்.

அவள் பிலோமினாவின் தலையை மடியில் சரியாக எடுத்து வைத்தாள்.

"ரோஸ்லினு கல்யாணத்துக்கு. தேனி மார்க்கெட்டுல ரெண்டு வருசம் மூட்ட தூக்கி வாங்குனேன். கடைக் கொக்கி லேசா இருந்துச்சு. உத்தமபாளையத்து ஆசாரிகிட்டக் குடுத்து முரட்டுக் கொக்கியா மாத்துனது நாந்தேன். கைய வச்சதும் தெரிஞ்சிருச்சு."

"எம்மேல கோவமா?"

"ஒரே சங்கிலிய ரெண்டு தடவ சீராப் போட்டவன் இந்தத் தேனி ஜில்லாவுலயே நான் ஒருத்தந்தேன் இருப்பேன்." சிரிக்கப் பார்த்தான். முகம் கோணிக்கொண்டு வந்தது. துண்டால் அழுத்தித் துடைத்தான். "எம் பவுசுக்கு அந்தப் புள்ள தன் கழுத்த மொட்டையாக்கிக்கிருச்சு."

"எனக்கு வேற வழி தெரியலங்க. சுருளிகிட்ட..."

"தெரியும்."  அவன் அவள் தோளில் கிடந்த பையைப் பார்த்தான். "அந்தத் தாளு வச்சிருக்கியா?"

அவள் மணிபர்சைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். குலுங்குகிற பஸ்ஸில் அவன் அதை விரித்து, எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தான். தன் கைச்செலவு வந்த இடத்தில் விரல் நின்றது.

"அறுநூறா குடிச்சுக்கிட்டிருக்கேன்?"

"டீயும் அதுலதேன்."

"அதுல எரநூற எடு. ரோஸ்லினுக்கு எழுது. அதுக்குத் தெரிய வேணாம். சேந்ததும் வாங்கிக் கொண்டுபோயி அது கழுத்துல போடுவோம். எம்புட்டு நாளாகும்?"

அவள் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள். "ஒம்பதாயிரம். நாப்பத்தஞ்சு மாசம்."

"நாப்பத்தஞ்சா." அவன் வாய் பிளந்தது. அதற்குள் தங்கள் பெண்ணே பெரியவளாகிவிடுவாள் என்று இருவருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியிருக்க வேண்டும். இருவரும் மடியில் தூங்குகிற பிலோமினாவைப் பார்த்தார்கள்.

"அதுவர பவுனு வெல இப்பிடியேவா இருக்கும்?" என்றாள் அவள். "ஏறிக்கிட்டேல்ல போகும்? நான் எத்தன ரூவான்னு எழுதட்டும்?"

சின்னப்பராஜ் தாளை மடித்து அவள் கையில் வைத்தான்.

"ரூவாயா எழுதாத. பவுனா எழுது," என்றான்.